மூலிகை டீயும் டார்க் சாக்லேட்டும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

என் கணவருக்கு ரத்த அழுத்தம். செம்பருத்தி டீ குடித்தால் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று அலுவலக நண்பர் சொன்னாராம். அவரும் பாதி நம்பிவிட்டார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

மாத்திரையை நிறுத்த வேண்டாம் அம்மா. இந்த ஒரு வரியை முதலில் அவரிடம் வாசித்துக் காட்டிவிடுங்கள், மீதியை அப்புறம் பார்க்கலாம்.

நண்பர் சொன்னது முழுப் பொய்யாக இருந்தால் உங்கள் கணவரே தள்ளிவிட்டிருப்பார். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, எனக்குப் பயமே அதுதான். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்து 2010-ல் வெளியானது. 65 பேர் கலந்துகொண்டார்கள். ஒரு பாதிப் பேர் தினமும் 3 கோப்பை செம்பருத்தி டீ குடித்தார்கள். மற்றவர்களுக்கு அதே நிறத்திலும் சுவையிலும் ஒரு வெறும் பானம். 6 வாரம் கழித்துப் பார்த்தால், டீ குடித்தவர்களுக்கு அழுத்தத்தின் மேல் அளவு, அதாவது 120/80 என்று எழுதுவதில் முதல் எண், சராசரியாக 7 புள்ளி இறங்கியிருந்தது. வெறும் பானம் குடித்தவர்களுக்கு இறங்கியது 1 புள்ளி சொச்சம்தான்.

நல்ல செய்திதான். ஆனால் அந்த 65 பேரும் அழுத்தம் லேசாக ஏறியிருந்தவர்கள், மாத்திரை எதுவும் எடுக்காதவர்கள். மாத்திரையை விட்டதும் 170-க்குப் போகிற ஒருவருக்கு 7 புள்ளி குறைந்தால் 163. அது பாதுகாப்பான அளவு இல்லையே! மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பதாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். இரண்டும் சேர்ந்து அழுத்தத்தை அதிகமாக இறக்கினால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். காலையிலும் மாலையிலும் அளந்து எழுதி வைத்தால் மருத்துவருக்கும் உதவியாக இருக்கும்.

இன்னொன்று. ஆய்வில் பயன்படுத்தியது தோட்டத்துச் செம்பருத்தி இல்லை. அதே குடும்பத்தில் ரோசெல் என்று ஒரு செடி, அதன் பூவுக்கு அடியில் சிவந்து தடித்திருக்கும் புல்லிப் பகுதியைக் காயவைத்துப் போடுகிற டீ அது. புளிப்பாக இருக்கும்.

பாக்கெட்டில் 'மூலிகைக் கலவை' என்று மட்டும் போட்டிருந்தால் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். ஒழுங்காக மாத்திரை போட்டும் அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது என்று ஓர் அம்மா என்னிடம் வந்தார். உப்பைக் குறைத்திருந்தார், ஊறுகாயைத் தொடுவதில்லை. என்னதான் குடிக்கிறீர்கள் என்று கேட்டு டீ பாக்கெட்டைக் கொண்டுவரச் சொன்னேன். பட்டியலில் இரண்டாவதாக அதிமதுரம் இருந்தது. அதிலுள்ள கிளிசிரைசின் என்ற பொருள் உடலில் உப்பையும் நீரையும் தங்க வைக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும், அழுத்தத்தை ஏற்றும். தொண்டை கரகரப்புக்கு ஒரு நாள், இரண்டு நாள் குடிப்பது வேறு. தினமும் கோப்பை கோப்பையாகக் குடிப்பது வேறு. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் தினசரி டீயாக அதிமதுரத்தை வைத்துக்கொள்ளவே கூடாது.

டார்க் சாக்லேட் இதயத்துக்கு நல்லது என்று படித்தேன். 70 சதவீத சாக்லேட் 100 கிராம் பார் ஒன்றைத் தினமும் சாப்பிடுகிறேன். வயது 55. தொடரலாமா?

ஒரு பார் வேண்டாம் ஐயா. இரண்டு சிறு துண்டு போதும். 100 கிராமில் ஏறக்குறைய 600 கலோரி, ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமம். நல்லது செய்கிறேன் என்று நினைத்து இடுப்புச் சுற்றளவைக் கூட்டிக்கொள்வீர்கள்.

கொக்கோவில் ஃபிளேவனால் என்று ஒரு வகைச் சத்து இருக்கிறது. ரத்தக்குழாயின் உள்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உண்டாக்குவதற்கு அது துணை செய்யும். அந்த வாயுவால் குழாய் இளகி விரிந்து கொடுக்கும். தினமும் 200 மில்லிகிராம் கொக்கோ ஃபிளேவனால் கிடைத்தால் ரத்தக்குழாயின் நெகிழ்வுக்கு உதவும் என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-லேயே ஏற்றுக்கொண்டது. 2022-ல் காஸ்மோஸ் என்ற பெரிய ஆய்வின் முடிவு வந்தது. 21,000-க்கும் மேற்பட்ட முதியவர்களில் ஒரு பாதிப் பேருக்குத் தினமும் 500 மில்லிகிராம் ஃபிளேவனால், மற்றவர்களுக்கு வெறும் மாத்திரை. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றை மொத்தமாகக் கூட்டிப் பார்த்தபோது 10 சதவீதம் குறைவு. அது தற்செயலாகவும் இருக்கலாம் என்கிற அளவுதான். இதயநோயால் இறப்பது மட்டும் 27 சதவீதம் குறைந்திருந்தது. எனக்கு இந்த எண் நம்பிக்கை தருகிறது, இன்னும் ஆராய வேண்டியது என்று நினைக்கிறேன்.

ஆனால் அவர்கள் கொடுத்தது கொக்கோச் சாறு அடைத்த மாத்திரை. சாக்லேட் இல்லை. சாக்லேட் உறையில் இருக்கும் 70 சதவீதம் என்பது கொக்கோத் தூளும் கொக்கோக் கொழுப்பும் சேர்ந்த கணக்கு. ஃபிளேவனால் எவ்வளவு என்று அது சொல்லாது. ஒரே 70 சதவீதம் போட்ட இரண்டு பார்களில் அந்தச் சத்து ஏகத்துக்கு வித்தியாசப்படலாம். கசப்பும் துவர்ப்பும் தருவதில் ஃபிளேவனாலுக்குப் பெரிய பங்கு உண்டு. கசப்பைக் குறைக்கக் கொக்கோவைக் காரம், அதாவது ஆல்கலி என்ற வேதிப்பொருள் சேர்த்துப் பதப்படுத்துவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பத்தார் தொடங்கி வைத்த முறை அது. அப்படிச் செய்த கொக்கோ நல்ல கரும்பழுப்பாக மாறும், ஆனால் ஃபிளேவனாலில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே நிறத்தை நம்பாதீர்கள். பொருள் பட்டியலில் 'ஆல்கலி' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சுவைக்காக வாங்குங்கள், இதயத்துக்காக வாங்காதீர்கள். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் 2023-ல் ஃபிளேவனால் அதிகமுள்ள கொக்கோத் தூளுக்கு மட்டும்தான், அதுவும் ஆதாரம் மிகக் குறைவு என்ற குறிப்போடு, இதய நலன் பற்றிச் சொல்லிக்கொள்ள இடம் கொடுத்தது. சாதாரண சாக்லேட்டுக்கு அந்தச் சலுகை இல்லை.

தினமும் ஒரு பார் என்பதில் எனக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற அமெரிக்க நுகர்வோர் அமைப்பு 2022-ல் 28 டார்க் சாக்லேட்களைச் சோதித்தது. அவற்றில் 23-ல் நச்சு உலோகங்களான ஈயமோ காட்மியமோ, தினம் ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் சாப்பிட்டாலே கவலைப்பட வேண்டிய அளவில் இருந்தது. ஒரே பிராண்டை அன்றாடம் சாப்பிடாமல் மாற்றிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால், சர்க்கரை சேர்க்காத, காரம் சேர்த்துப் பதப்படுத்தாத கொக்கோத் தூளைச் சூடான பாலில் கலக்கிக் குடிப்பதுதான் சிக்கனமான வழி.

சாக்லேட் சாப்பிட்டால் எடை குறையும் என்று ஆய்வே சொல்கிறதாமே? 'ஸ்லிம்மிங் டீ'யும் வாங்கி வைத்திருக்கிறேன்.

அந்த ஆய்வின் கதையைக் கேளுங்கள். ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளரும் அவர் கூட்டாளிகளும், தவறான உணவு ஆய்வுகள் எவ்வளவு சுலபமாகச் செய்தியாகின்றன என்று காட்டுவதற்காகவே அதை நடத்தி, 2015-ல் வெளிப்படையாகச் சொல்லியும் விட்டார்கள். 15 பேரிடம் 18 விதமான அளவுகள் எடுத்தார்கள். அத்தனை அளவுகளைக் குறைந்த ஆட்களிடம் எடுத்தால் ஏதாவது ஒன்று தற்செயலாக நல்லபடியாக வர நிறைய வாய்ப்பு உண்டு. அது எடையாக அமைந்தது. பல நாட்டுப் பத்திரிகைகள் விசாரிக்காமல் அப்படியே போட்டன. மறுப்பு வந்தது பலர் கண்ணில் படவில்லை, உங்களைப் போலவே.

ஸ்லிம்மிங் டீ பாக்கெட்டில் சென்னா, அதாவது நிலாவாரை இருக்கிறதா என்று பாருங்கள். அது பேதி மருந்து. குறைவது நீர், கொழுப்பு இல்லை. வாரக்கணக்கில் குடித்தால் பொட்டாசியம் குறையும், குடலும் அதற்குப் பழகிவிடும். இருந்தால் தூக்கிப் போடுங்கள் சகோதரி.

தூக்கம் வராமல் கெமோமில் டீ குடிக்கிறேன், கூடவே கொஞ்சம் டார்க் சாக்லேட். பலன் தெரியவில்லை.

எவ்வளவு சாக்லேட்? 100 கிராமில் சுமார் 80 மில்லிகிராம் காஃபின் உண்டு, கிட்டத்தட்ட ஒரு கோப்பை காபி. அதை மதியத்துக்கு மாற்றிப் பாருங்கள் தம்பி. கெமோமிலுக்கு லேசான அமைதி தரும் குணம் இருக்கிறது என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன, அவ்வளவுதான். சாமந்தி வகைப் பூக்கள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது.

எனக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரையைப் புதினா டீயோடு விழுங்குகிறேன். மூலிகைதானே, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல முடியாது. சாதாரண டீயைப் போலவே பெப்பர்மின்ட் புதினா, கெமோமில், கொக்கோ எல்லாவற்றிலும் உள்ள பாலிஃபீனால்கள் என்ற தாவரப் பொருள்கள் இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் சேரவிடாமல் செய்யும். மாத்திரையை வெறும் தண்ணீரில் போடுங்கள். எலுமிச்சைச் சாறு கலந்து குடித்தால் இன்னும் நல்லது, வைட்டமின் சி இரும்பு சேர உதவும். புதினா டீயை இரண்டு மணி நேரம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்செரிச்சல் இருந்தால் மட்டும் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள், இரைப்பையின் மேல் வாயைப் புதினா தளர்த்திவிடும்.