ஏழு மாதக் குழந்தைக்கு கார் சீட்டை எந்த இருக்கையில், எப்படிப் பொருத்துவது?

கேள்வி சுருக்கமாக: குழந்தைக்கு ஏழு மாதம். சின்ன ஹேட்ச்பேக் கார். சீட் வாங்கியாகிவிட்டது. முன்னால் பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொண்டே ஓட்டலாமா? பின்னால் என்றால் எந்தப் பக்கம்? வீட்டில் பெரியவர்கள் "மடி இருக்கும்போது இது எதற்கு" என்கிறார்கள்.

முன் இருக்கை வேண்டவே வேண்டாம். ஏழு மாதக் குழந்தையின் சீட் காரின் பின்பக்கத்தைப் பார்த்தபடிதான் இருக்க வேண்டும். அதை முன்னால் வைத்தால் சீட்டின் முதுகு டேஷ்போர்டுக்கு எதிரே நிற்கும். ஏர்பேக் வெடித்து விரியும்போது அடி நேராக அந்த முதுகில் விழும், அதாவது குழந்தையின் தலைக்குப் பின்னால். 2022 முதல் இந்தியாவில் தயாராகும் கார்களில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக்கும் ஏர்பேக் கட்டாயம். சன் வைசரை இறக்கிப் பாருங்கள், குழந்தை சீட்டின் மேல் சிவப்புக் கோடு போட்ட ஒரு படம் ஒட்டியிருக்கும். நாம் யாரும் அதைப் படிப்பதே இல்லை. அப்புறம், "பார்த்துக்கொண்டே ஓட்டலாம்" என்று எழுதியிருக்கிறீர்களே, ஏர்பேக்கைவிட எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

பின்னால் எந்தப் பக்கம் என்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் பதில் நடு இருக்கை. இரண்டு கதவிலிருந்தும் தள்ளி இருப்பதால் பக்கவாட்டில் எது மோதினாலும் அடி குறைவு. அது சரிதான். ஆனால் உங்கள் காரின் நடு இருக்கையை ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். பல ஹேட்ச்பேக்குகளில் அது இருக்கையே இல்லை, இரண்டு இருக்கைக்கு நடுவே ஒரு மேடு. பெல்ட்டும் பழைய கார்களில் இடுப்பை மட்டும் சுற்றுவதாக இருக்கும். தோள் பெல்ட்டோடு சேர்த்துக் கட்டவேண்டிய சீட்டை அதில் கட்ட முடியாது. ஐசோஃபிக்ஸ் வளையங்களும் (பெல்ட் இல்லாமலே குழந்தை சீட்டை மாட்ட காரிலேயே இருக்கும் இரும்பு வளையங்கள்) பெரும்பாலும் இரண்டு ஓரங்களில் மட்டும்தான் இருக்கும். நடுவில் ஆடிக்கொண்டிருக்கும் சீட்டைவிட ஓரத்தில் இறுக்கமாக நிற்கும் சீட் எவ்வளவோ மேல்.

நான் வைத்தது பின்னால் இடது பக்கம். நம் ஊரில் வண்டியை இடது ஓரமாகத்தான் நிறுத்துகிறோம், கதவைத் திறந்தால் நடைபாதை. வலது பக்கம் என்றால் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் போக்குவரத்துக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். இன்னொன்று, பின்பக்கம் பார்த்த சீட் நிறைய இடம் பிடிக்கும். நான் கொஞ்சம் உயரம், என் இருக்கைக்குப் பின்னால் வைத்தால் ஸ்டியரிங் மார்பில் இடிக்கிறது. முன் இடது இருக்கையைத் தள்ளி வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை, என் மனைவி எப்படியும் பின்னால் குழந்தையோடுதான் உட்காருவாள்.

எந்தப் பக்கம் என்று நான் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். கட்டின விதத்தில்தான் கோட்டை விட்டேன். மகளுக்கு அப்போது ஐந்து மாதம். கடைப் பையன் பத்தே நிமிடத்தில் மாட்டிவிட்டு, "ஆடவே ஆடாது சார், பாறை" என்றான். நானும் மேலே பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஆறு வாரம் கழித்து மதுரைக்குப் போகும் வழியில், சமயபுரம் டோல்கேட்டில் முன்னால் போன லாரி திடீரென்று நிற்க, நானும் பிரேக்கை மிதித்தேன். பெரிய வேகமெல்லாம் இல்லை. சீட் ஒரு சாண் நகர்ந்து ஒருக்களித்துவிட்டது. குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை, தூங்கிக்கொண்டேதான் இருந்தாள். எனக்குத்தான் கை நடுக்கம் நிற்க அரைமணி நேரம் ஆனது.

ஓரமாக நிறுத்தி, அதுவரை பிரிக்காத கையேட்டைப் பிரித்தேன். சீட்டின் பக்கவாட்டில் பெல்ட் போகும் வழிக்கு இரண்டு நிறத்தில் அடையாளம் இருந்தது: பின்பக்கம் பார்த்து வைத்தால் நீலம், முன்பக்கம் பார்த்து வைத்தால் சிவப்பு. ஐரோப்பியத் தரப்படி செய்த சீட்களில் இந்த நிறக் குறி உண்டு. எங்கள் பெல்ட் ஆறு வாரமாகச் சிவப்பு வழியில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கடைப் பையனைக் குறை சொல்லி என்ன, கையேடு என்னிடம்தானே இருந்தது.

அதனால் நீங்களே கட்டுங்கள். பெல்ட்டால் கட்டுவதானால், நீல வழியில் நுழைத்து, முறுக்கு இல்லாமல் தடவி விட்டு, பக்கிளில் மாட்டுங்கள். ஒரு கையால் சீட்டை இருக்கைக்குள் நன்றாக அமுக்கிக்கொண்டே மறுகையால் தோள் பெல்ட்டை இழுங்கள். வியர்த்துக் கொட்டும், கொட்டட்டும். சீட்டில் பெல்ட்டைக் கவ்விப் பிடிக்கும் கிளிப் இருந்தால் கடைசியில் அதைப் பூட்டுங்கள். இப்போது ஆட்டிப் பாருங்கள், நான் ஆட்டியதுபோல் மேலே பிடித்து அல்ல. பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து இடவலமாகவும் முன்பின்னாகவும் ஆட்ட வேண்டும். அங்கே ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. பின்பக்கம் பார்த்த சீட்டின் தலைப்பகுதி கொஞ்சம் ஆடத்தான் செய்யும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

சில சின்னக் கார்களில் பெல்ட் நீளமே போதாமல் பக்கிளுக்கு நாலு விரல்கடை முன்னாலேயே நின்றுவிடும். அப்படியானால் அந்தக் காருக்கு அந்தச் சீட் இல்லை, அவ்வளவுதான். பெல்ட்டை நீட்டுவதற்கென்று விற்கும் துண்டை வாங்கி ஒட்டுப் போடாதீர்கள்.

ஐசோஃபிக்ஸ் இருந்தால் வேலை பாதி. இருக்கையும் சாய்மானமும் சேரும் இடுக்கில் விரலை விட்டால் இரண்டு இரும்பு வளையம் தட்டுப்படும். சீட்டின் இரு கொக்கியும் "க்ளிக்" என்று விழுந்து, பச்சை தெரிய வேண்டும். தரையில் ஊன்றும் கால் இருந்தால் அதைத் தரையைத் தொடும்படி நீட்டிவிடுங்கள். ஆனால் காலுக்கு அடியில் சாமான் வைக்கும் குழி இருந்தால் ஊன்றக் கூடாது, மூடி உடைந்து இறங்கிவிடும். கொக்கியும் மாட்டி பெல்ட்டும் கட்டினால் இரட்டைப் பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். கையேடு சொன்னாலொழிய ஏதாவது ஒன்றுதான்.

சாய்வும் முக்கியம். நிமிர்த்தி வைத்தால் தூங்கும்போது தலை மார்பில் விழுந்து மூச்சுக்குழாய் மடங்கும். சரியான சாய்வைக் காட்ட சீட்டில் ஒரு கோடோ குமிழோ இருக்கும், காரைச் சமதரையில் நிறுத்தி அதைப் பார்க்க வேண்டும். நான் எங்கள் அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவில் வண்டியை நிறுத்திவைத்துக் கோட்டைச் சரிசெய்த அறிவாளி.

குழந்தையை வைத்து, சீட்டிலேயே உள்ள பட்டையை மாட்டியதும் தோள்பட்டை மேல் பட்டையை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கிள்ள வந்தால் இன்னும் இறுக்க வேண்டும். பின்பக்கம் பார்க்கும் சீட்டில் பட்டை தோள் உயரத்திலோ அதற்குச் சற்றுக் கீழேயோ இருந்து வர வேண்டும். வியர்க்கிறது என்று முதுகுக்குக் கீழே தடித்த துண்டைப் போடாதீர்கள், பட்டை இறுகியதுபோலத் தெரியும், இறுகியிருக்காது. கல்யாண வீட்டுக்குப் போகும்போது பட்டுப்பாவாடை விஷயமும் இதுதான், இறங்குவதற்கு முன் உடுத்திவிட்டால் போகிறது. வெள்ளி அரைஞாண் போட்டிருந்தால் இடுப்புப் பட்டைக்கு அடியில் சிக்காமல் மேலே ஒதுக்கிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை அது பதிந்து சிவந்துபோய், காரணம் தெரியாமல் விழுப்புரம் வரை அழுகை. வெயிலில் நின்ற காரானால் பக்கிள் இரும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார வையுங்கள்.

மடி விஷயம். என் அம்மா சொன்னது: "உங்க மூணு பேரையும் மடியிலதானேடா வெச்சு வளர்த்தேன்." மறுத்துப் பேசினால் சண்டைதான் வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், உள்ளே இருக்கும் எல்லாம் தன் எடையைப்போல் ஏறக்குறைய 14 மடங்கு விசையோடு முன்னால் பாயும். எட்டு கிலோ குழந்தை 112 கிலோ. "இருபத்தஞ்சு கிலோ அரிசி மூட்டை நாலு, ஒரே நேரத்துல உன் கையிலேர்ந்து பாயுது, பிடிச்சுக்குவியாம்மா?" அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பயணத்தில் பட்டை இறுகியிருக்கிறதா என்று அவர்தான் கிள்ளிப் பார்த்தார். சட்டத்தைச் சொல்லியும் பார்க்கலாம், 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவுப்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தை பெல்ட்டோ சீட்டோ இல்லாமல் போனால் 1000 ரூபாய் அபராதம். ஆனால் பாட்டிகளிடம் எடுபடுவது அரிசி மூட்டைதான்.

ஒரு வயது முடிந்ததும் முன்பக்கம் திருப்பிவிடச் சொல்வார்கள். அவசரப்படாதீர்கள். கைக்குழந்தைக்குத் தலை கனம், கழுத்து பிஞ்சு. முன்பக்கம் பார்த்து உட்கார்ந்து மோதினால் உடம்பைப் பட்டை பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் முன்னால் வீசப்படும். பின்பக்கம் பார்த்திருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றையும் சீட்டே சேர்த்துத் தாங்கும். ஐரோப்பாவின் ஆர்129 விதியில் குறைந்தது 15 மாதம் வரை பின்பக்கம்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், சீட்டின் உயர, எடை வரம்பு தீரும்வரை திருப்பாதீர்கள் என்கிறது. கால் இடிக்குமே என்றால், அவர்கள் பாட்டுக்குச் சம்மணம் போட்டுக்கொள்வார்கள். என் மகள் இரண்டு வயதுவரை அப்படித்தான் வந்தாள்.

உங்கள் சீட் புதிதா, யாராவது கொடுத்ததா என்று எழுதவில்லை. கொடுத்ததென்றால் அது ஏதாவது விபத்தில் இருந்ததா என்று கூச்சப்படாமல் கேளுங்கள், இருந்திருந்தால் வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் வேண்டாம். தயாரித்த தேதியோ காலாவதித் தேதியோ அச்சிட்டிருக்கும், அதையும் பாருங்கள். கார் எந்த மாடல், பின்னால் ஐசோஃபிக்ஸ் வளையம் தட்டுப்படுகிறதா என்று பார்த்துக் கீழே எழுதுங்கள், உங்கள் சீட் அதில் உட்காருமா என்று பார்க்கலாம்.