472 கிலோஹெர்ட்ஸும் அந்த மூன்று ரெசிஸ்டர்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். என்னிடம் ஐகாம் ஐசி-718 ரிக் (ஹாம் ரேடியோ வாங்கி-அனுப்பி) இருக்கிறது. 40 மீட்டரிலும் 20 மீட்டரிலும் நன்றாகக் கேட்கிறது. 1.6 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்கினால் மட்டும் காது அடைத்த மாதிரி ஆகிவிடுகிறது. 472–479 கிலோஹெர்ட்ஸ் பட்டையில் விஸ்பர் (மிக மெலிந்த சிக்னலையும் கணினி படித்துவிடும் டிஜிட்டல் முறை) ஒன்றுகூட டீகோட் ஆகவில்லை. உள்ளே சிக்னலைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் ஒன்று இருக்கிறது, அதைக் கழற்றினால் சரியாகிவிடும் என்கிறார்கள் நண்பர்கள். கழற்றலாமா? வேறு ஏதாவது கெடுமா? ஆன்டெனா 7 மெகாஹெர்ட்ஸ் டைபோல். வீடு திருச்செந்தூர் பக்கம். இன்னொரு கேள்வி: விஜயநாராயணம் கடற்படைத் தளத்தின் 18.2 கிலோஹெர்ட்ஸ் சிக்னலை இதே ரிக்கில் பிடிக்க முடியுமா?

வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

கழற்றலாம். ஆனால் நீங்கள் இருக்கும் இடத்தில் முழுவதுமாகக் கழற்ற வேண்டாம் என்பேன். சால்டரிங் அயர்னைச் சூடாக்குவதற்கு முன்னால் ஒரு சோதனையும் பாக்கி இருக்கிறது.

இந்த மந்தம் தெரிந்தே வைக்கப்பட்டது. உங்கள் ரிக்கின் விவரப் பட்டியலில் ஏ.எம். உணர்திறனைப் பாருங்கள். 1.8 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் 2 மைக்ரோவோல்ட், 0.5 முதல் 1.8 வரை 13 மைக்ரோவோல்ட். வித்தியாசம் 16 டெசிபல். பக்கத்து ஊர் மத்திய அலை வானொலி நிலையம் ரிக்கின் முன்பகுதியை மூழ்கடித்துவிடக் கூடாது என்பதற்காகத் தயாரிப்பாளர்கள் செய்யும் ஏற்பாடு இது. உங்களுக்கு அந்தப் பக்கத்து ஊர் தூத்துக்குடி. 1053 கிலோஹெர்ட்ஸ், 200 கிலோவாட்.

முதலில் சோதனை. 475 கிலோஹெர்ட்ஸில் யு.எஸ்.பி. (மேல் பக்கப்பட்டை) மோடில் நில்லுங்கள். ஆன்டெனாவுக்குப் பதில் 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்கு ஈடான ரெசிஸ்டர்) மாட்டி, ஆடியோ வெளியீட்டின் இரைச்சல் அளவைக் கணினியில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆன்டெனாவை மாட்டுங்கள். இரைச்சல் 10 டெசிபல் ஏறினால் ரிக்கின் உணர்திறன் ஏற்கெனவே போதும். அட்டெனுவேட்டரைக் கழற்றினால் சிக்னலும் இரைச்சலும் சேர்ந்தே ஏறும், விஸ்பர் ஒன்றுகூடக் கூடுதலாக வராது. ஏற்றம் 2, 3 டெசிபல்தான் என்றால் மட்டும் ரிக்கைத் திறப்பதில் பொருள் உண்டு. எஸ் மீட்டர் (சிக்னல் வலிமை காட்டி) அசையத் தொடங்கினால் ஏ.ஜி.சி. (பெருக்கத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு) அளவைக் குழப்பும். மீட்டர் அசையாத அமைதியான நேரத்தில், பகலில் அளந்து பாருங்கள்.

டைபோலிலேயே ஒரு முன்னேற்றம் காத்திருக்கிறது. 475 கிலோஹெர்ட்ஸில் அலைநீளம் 630 மீட்டர். அங்கே 20 மீட்டர் கம்பி மிகக் குட்டை. அதன் கோஆக்ஸ் கேபிளின் நடுக்கம்பியையும் உறையையும் கீழ் முனையில் ஒன்றாகச் சேர்த்து, நல்ல எர்த்துக்கு எதிராக ஊட்டினால் அதுவே தலையில் கம்பி விரித்த செங்குத்து ஆன்டெனா ஆகிவிடும். இடையில் பிஎன்73-202 இரட்டைத்துளை ஃபெரைட்டில் 6 சுற்றுக்கு 6 சுற்று, இரண்டையும் தனித்தனியாகச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வையுங்கள். ஒரு சுருளின் இண்டக்டன்ஸ் சுமார் 300 மைக்ரோஹென்ரி வரும். இன்னும் கீழே உள்ள 137 கிலோஹெர்ட்ஸ் அமெச்சூர் பட்டையிலும் 50 ஓமுக்கு அது ஐந்து மடங்கு எதிர்ப்பு. இதனால் வீட்டு எர்த்தும் ஆன்டெனா எர்த்தும் பிரிகின்றன, எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர், சோலார் சார்ஜர் ஆகியவற்றின் இரைச்சல் கோஆக்ஸின் வெளியுறை வழியாக ஏறுவதும் வெகுவாகக் குறையும். பலருக்கு வேலை இதோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால் ரிக்கைத் திறக்கலாம். சர்வீஸ் மேனுவலின் சர்க்யூட் படம் இல்லாமல் கையை வைக்காதீர்கள். ஆன்டெனா பக்கத்திலிருந்து வரும்போது பேண்ட்பாஸ் ஃபில்ட்டர்கள் (ஒவ்வொன்றும் ஒரு பட்டையை மட்டும் விடுபவை) டையோடுகளால் கிளை பிரியும். 1.6 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழான கிளையைத் தேடுங்கள். அட்டெனுவேட்டர் அந்தக் கிளையில்தான் இருக்கும். முன்பலகத்தின் ஏ.டி.டி. பொத்தானுக்கான 20 டெசிபல் அட்டெனுவேட்டர் வேறு, அதைத் தொடக் கூடாது. பொதுவாக மூன்று ரெசிஸ்டர்கள்: ஒன்று சிக்னல் வழியில், இரண்டு அதன் இரு முனைகளிலிருந்தும் கிரவுண்டுக்கு. மதிப்பு ரிக்குக்கு ரிக் மாறும். 20 டெசிபல் என்றால் வழியில் 240 ஓம், கிரவுண்டுக்கு 62 ஓம் வீதம் என்ற அளவை ஒட்டியிருக்கும்.

மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். வழியிலுள்ள 240 ஓமை மட்டும் ஷார்ட் செய்துவிட்டு 62 ஓம்களை விட்டால் இன்னும் 5 டெசிபல் இழப்பு நிற்கும். 62 ஓம்களை மட்டும் கழற்றி 240-ஐ விட்டால் 10.6 டெசிபல் நிற்கும். இரண்டு தவறிலும் ஃபில்ட்டர் தனக்கான 50 ஓமைப் பார்க்காது, அதன் வளைவும் கோணிப்போகும்.

உங்கள் இடத்துக்கு என் பரிந்துரை 6 டெசிபல். கிரவுண்டுக்கு 150 ஓம் இரண்டு, வழியில் 36 அல்லது 39 ஓம். 20 டெசிபல் இருந்த இடத்தில் இதனால் 14 டெசிபல் கிடைக்கும், முன்பகுதியும் பிழைக்கும். பவர் சப்ளையைக் கழற்றிவிட்டு, மாற்றப்போகும் இடத்தைப் படமெடுத்துக்கொண்டு தொடங்குங்கள். சிப் ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் ஒரே சமயத்தில் சூடு ஏற வேண்டும். ஒரு முனையை மட்டும் சூடாக்கி நெம்பினால் போர்டின் செம்புத் திட்டு உரிந்துவிடும். கழற்றிய மூன்றையும் ஒரு தாளில் ஒட்டி மேனுவலுக்குள் வையுங்கள். அமெச்சூர் பட்டைகளுக்கு வெளியிலும் அனுப்ப வைப்பதற்காக டையோடை வெட்டும் வேலைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை, அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மத்திய அலைக்கு இவ்வளவு போதும். 137 கிலோஹெர்ட்ஸ் வரை இறங்க ஆசை என்றால் அதே கிளையின் கப்ளிங் கபாசிட்டர்களையும் பாருங்கள். 0.01 மைக்ரோஃபாரட் அங்கே 116 ஓம் தடை, 0.1 ஆக்கினால் 12 ஓம்தான். டையோடுகளுக்குக் கரண்ட் ஊட்டும் சோக் 100 மைக்ரோஹென்ரி என்றால் 137 கிலோஹெர்ட்ஸில் அது வெறும் 86 ஓம், சிக்னலைக் கிரவுண்டுக்கு இழுத்துவிடும். 1 மில்லிஹென்ரி போடுங்கள்.

இனி, எது கெடும் என்ற கேள்வி. நம் நாட்டு மத்திய அலை நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில், 9-இன் மடங்குகளில் நிற்கின்றன. ஸ்விட்சிங் டையோடுகள் தாழ்ந்த அதிர்வெண்ணில் முழு ஸ்விட்சாக நடந்துகொள்ளாமல் கொஞ்சம் மிக்ஸராகவும் வேலை செய்யும். அப்போது இரு நிலையங்களின் வித்தியாசம் ஒரு பொய்ச் சிக்னலாக முளைக்கும், அதுவும் 9-இன் மடங்கில்தான் விழும். 472-க்கும் 479-க்கும் இடையில் அப்படி ஒரே ஓர் எண்: 477. திருநெல்வேலி 1197, சென்னை 720. கழித்துப் பாருங்கள். பேச்சின் பக்கப்பட்டைகள் இருபுறமும் பரவுவதால், விஸ்பர் குவியும் 475.6–475.8 அதற்குள் அமிழ்ந்துவிடும்.

477-இல் செய்தி வாசிப்போ பாட்டோ கேட்டால் ஏ.டி.டி. பொத்தானை அழுத்துங்கள். உண்மைச் சிக்னல் 20 டெசிபல் குறையும். இந்த வகைப் பொய்ச் சிக்னல் 40 குறைந்து காணாமல் போகும்.

அதற்கு மருந்து, ஆன்டெனாவுக்கும் ரிக்குக்கும் நடுவே ஒரு லோபாஸ் ஃபில்ட்டர் (தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் விடுவது). 500 கிலோஹெர்ட்ஸ், 50 ஓம், ஐந்து பாகங்கள். இரு முனைகளிலும் கிரவுண்டுக்கு 7.3 நானோஃபாரட் (6.8 உடன் 470 பிக்கோஃபாரட்), நடுவில் கிரவுண்டுக்கு 12.6 நானோஃபாரட் (12 உடன் 560 பிக்கோஃபாரட்), வழியில் 21.8 மைக்ரோஹென்ரி இரண்டு. இண்டக்டருக்கு டி68-2 சிவப்பு டொராய்டில் 0.35 மில்லிமீட்டர் எனாமல் கம்பி 62 சுற்று, ஒரே அடுக்கில் அடங்கும். கபாசிட்டர்கள் பாலிப்ரொப்பிலீனாக இருக்கட்டும். சாதாரண டிஸ்க் செராமிக்கின் மதிப்பு சூட்டில் நகர்ந்துவிடும். இது 1053-ஐ 37 டெசிபல் அமுக்கும். 720-இல் கிடைப்பது 17 மட்டுமே, ஆனால் சென்னை உங்களுக்கு எட்ட இருக்கிறது.

ஐசி-718-க்கு ஒரே ஆன்டெனா சாக்கெட். ஃபில்ட்டர் மாட்டியிருக்கும்போது கை தவறி 100 வாட் அனுப்பினால் கபாசிட்டர்கள் கருகும். 50 ஓமைப் பார்க்காத ஃபைனல்களுக்கும் (வெளியீட்டு டிரான்சிஸ்டர்களுக்கும்) ஆபத்து. ஃபில்ட்டரை மாட்டும்போதே மைக்கையும் கீயையும் கழற்றிவிடுங்கள், ஆர்.எஃப். பவரைக் குறைந்தபட்சத்தில் வையுங்கள், விஸ்பர் மென்பொருளில் அனுப்புதலை அணையுங்கள். டயல் 474.2, யு.எஸ்.பி. உங்கள் ஊரில் டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை, இடி ஓய்ந்த இரவுகளில் முயலுங்கள். ரிக்கும் ஆன்டெனாவும் சரியாகக் கேட்கின்றனவா என்று பார்க்க 518 கிலோஹெர்ட்ஸில் நேவ்டெக்ஸ் (கப்பல்களுக்கான எழுத்துச் செய்தி) உதவும். 100 பாட், 170 ஹெர்ட்ஸ் ஷிஃப்ட். ஃபில்ட்டர் அதை அதிகம் தடுக்காது.

விஜயநாராயணம்: இந்த ரிக்கில் முடியாது. வாங்கும் எல்லை 30 கிலோஹெர்ட்ஸில் நின்றுவிடுகிறது. அந்த எல்லைக்கு மேலும் 100 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். முதல் ஐ.எஃப். (வந்த சிக்னலை ரிக் மாற்றிக்கொள்ளும் இடைநிலை அதிர்வெண்) 64.455 மெகாஹெர்ட்ஸ். நீங்கள் 30 கிலோஹெர்ட்ஸில் நின்றால் அந்த மாற்றத்தைச் செய்யும் லோக்கல் ஆசிலேட்டர் அதிலிருந்து வெறும் 30 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஓடுகிறது, அதன் இரைச்சல் ஃபில்ட்டருக்குள் கசியும். எந்த ரெசிஸ்டரை மாற்றினாலும் இது தீராது.

18.2 கிலோஹெர்ட்ஸ் உங்கள் கணினியின் சவுண்ட் கார்டுக்கே எட்டும். 48 கிலோஹெர்ட்ஸ் சாம்ப்ளிங் வைத்தால் 24 வரை தெரியும். ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தில் 30 சுற்று இன்சுலேட்டட் கம்பி சுற்றி, மைக் உள்ளீட்டின் டி.சி. வோல்டேஜைத் தடுக்க 1 மைக்ரோஃபாரட் தொடரில் வைத்து மாட்டுங்கள். ஏதாவது ஒரு ஸ்பெக்ட்ரம் மென்பொருளைத் திறந்து சட்டத்தின் விளிம்பை விஜயநாராயணம் திசைக்குத் திருப்புங்கள். நிலையம் அனுப்பிக்கொண்டிருக்கும் நேரமென்றால், அவ்வளவு பக்கத்தில் இருக்கும் உங்களுக்குப் ப்ரீஆம்ப்கூடத் தேவைப்படாது.