ராத்திரியெல்லாம் கேட்ஜெட் செய்கிறான், தடுக்கலாமா?

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன், கணினி அறிவியல் குரூப். கொஞ்ச நாளாக 'ரெட்ரோ கேட்ஜெட்ஸ்' என்ற கேமே கதியென்று கிடக்கிறான். பழைய காலத்து கால்குலேட்டர், கையடக்க வீடியோ கேம் மாதிரி ஏதேதோ செய்து, அதற்கு புரோகிராமும் எழுதுகிறான். கேட்டால் "இது எலக்ட்ரானிக்ஸ் படிப்பும்மா" என்கிறான். படுக்க ஒரு மணி ஆகிறது. லேப்டாப்பைப் பூட்டி வை என்கிறார் அவன் அப்பா. நான் என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பூட்ட வேண்டாம். உங்கள் மகன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை நீங்கள் சேர்த்துவிட முடியும்.

இத்தாலியைச் சேர்ந்த ஸ்டுடியோ ஈவில் என்ற நிறுவனம் 2022-இல் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வெளியிட்ட கேம் இது. இதில் துப்பாக்கிச் சண்டை எதுவும் இல்லை. வெறும் போர்டில் பட்டன், எல்இடி, சின்னத் திரை, ஸ்பீக்கர், சிப் என்று பொருத்தி, ஒவ்வொன்றும் எப்போது என்ன செய்ய வேண்டும் என்று லுவா என்ற புரோகிராம் மொழியில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் கருவி சும்மா கிடக்கும். லுவா கேமுக்காகக் கட்டிவிட்ட மொழி இல்லை. 1993-இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் ஒரு பல்கலைக்கழகத்தில் உருவாகி, இன்றும் தொழிலில் புழங்குகிறது. பிளஸ் டூவில் பைத்தான் வரும்போது இவனுக்குக் கை பழகியிருக்கும்.

கேம் சொல்லித் தராதது கரண்ட். திரையில் எல்இடியை எரியச் சொன்னதும் எரிகிறது, எதுவும் கருகுவதில்லை. மேசையில் கதை வேறு. நான் கீழே சொல்லப்போகும் நிஜ போர்டு தருவது 3.3 வோல்ட், சிவப்பு எல்இடிக்குச் சுமார் 2 வோல்ட் போதும். மிச்சம் 1.3 வோல்ட்டை ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) ஏற்றுக்கொள்ள வேண்டும். 330 ஓம் போட்டால் 4 மில்லி ஆம்பியர் அளவில் ஓடும், எல்லாம் பத்திரம். ரெசிஸ்டர் இல்லாமல் கோத்தால் எல்இடியோ, வயரை இணைக்கும் போர்டின் கம்பி முனையோ (pin) கெட்டுவிடலாம். இந்தக் கணக்கு பிளஸ் டூ இயற்பியலில் மின்னோட்டவியலாக வரப்போகிறது.

அதனால் சில நூறு ரூபாய்க்கு புரோகிராம் எழுதி இயக்கும் குட்டிக் கணினி போன்ற நோட்எம்சியு போர்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். இதற்கென்றே லுவா ஃபர்ம்வேர் (போர்டுக்குள் ஏற்றும் அடிப்படை மென்பொருள்) இருப்பதால் அவனுக்குத் தெரிந்த மொழியிலேயே எழுதலாம். கூடவே பற்றவைக்காமல் செருகி இணைக்கும் பிரெட்போர்டு, அதற்கான ஜம்பர் வயர், கொஞ்சம் எல்இடி, ரெசிஸ்டர், ஒலி எழுப்ப ஒரு பஸ்ஸர். சூட்டில் பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் இப்போதைக்கு வேண்டாம். மின்சாரம் யுஎஸ்பி வழியாக மட்டும். 230 வோல்ட் பக்கம் அவன் கை போகவே கூடாது, இதில் கண்டிப்பாக இருங்கள்.

அப்புறம், உங்களுக்கு வேண்டிய ஒன்றைச் செய்து தரச் சொல்லுங்கள். மாடித் தொட்டி நிரம்பினால் கத்துகிற அலாரம் நல்ல ஆரம்பம். தொட்டியில் ஃப்ளோட் ஸ்விட்ச் (தண்ணீர் மட்டம் ஏறினால் மிதவையால் மூடிக்கொள்ளும் ஸ்விட்ச்), கீழே பஸ்ஸர், மோட்டாரைத் தொடாத வேலை. முதல் நாள் அது விட்டு விட்டுக் கத்தும், பயப்படாதீர்கள். தண்ணீர் அலையும்போது மிதவையும் மேலும் கீழும் ஆடுவதால் ஸ்விட்ச் மாறி மாறித் திறந்து மூடும். தொடர்ந்து ஐந்து விநாடி மூடியிருந்தால்தான் நிரம்பியதாக எடுத்துக்கொள் என்று அவன் நிரலில் எழுத வேண்டியிருக்கும். இப்படி ஒரு சிக்கலை அவனாகவே கண்டுபிடித்துச் சரிசெய்தால் நான் மிகவும் சந்தோஷப்படுவேன். எந்த டியூஷனிலும் இது கிடைக்காது.

தூக்கத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பத்தரைக்கு லேப்டாப் ஹாலுக்கு வந்துவிட வேண்டும், சனிக்கிழமை மட்டும் கொஞ்சம் தளர்த்தலாம். அவன் அப்பாவிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். தொட்டியில் ஸ்விட்சைப் பொருத்த ஏணியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும், அந்த வேலையை அவரிடமே கொடுங்கள்.