குலைநோயைத் தாங்கும் நெல் ரகம் சில ஆண்டுகளிலேயே ஏன் தோற்றுப்போகிறது?

தஞ்சாவூரில் மாமா போட்ட 'நோய் தாங்கும்' ரகத்திலேயே குலைநோய் வந்துவிட்டது, விதை போலியா என்று கேட்டிருக்கிறீர்கள். போலியாக இருக்க வேண்டியதில்லை. குலைநோயை உண்டாக்கும் பூஞ்சை மாறியிருக்கலாம்.

நெல்லின் எதிர்ப்பு மரபணுக்களில் பெரும்பாலானவை, ஒவ்வொன்றும் பூஞ்சை சுரக்கும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் கண்டால்தான் வேலை செய்யும். ஒரே ஒரு முகத்தை மட்டும் தெரிந்து வைத்திருக்கும் காவலாளி மாதிரி. 'பை-டா' என்ற நெல் மரபணு தேடும் புரதத்தை எடுத்துக்கொள்வோம். அதை உருவாக்கும் பூஞ்சை மரபணு குரோமோசோமின் முனையருகே இருக்கிறது, எளிதில் தொலைந்துபோகும். தொலைந்தாலும் பூஞ்சை பிழைத்துக்கொள்ளும். நெல்லுக்குத்தான் அது கண்ணில் படாது. இடம் விட்டு இடம் தாவும் மரபணுத் துண்டுகள் நடுவே புகுந்தும் இதே சேதத்தைச் செய்கின்றன.

பெரும்பாலான நாடுகளில் இந்தப் பூஞ்சை இணைசேராமல் வித்துகளால்தான் பரவுகிறது, அதனால் மரபணுக்கள் கலந்து புது வகை உருவாகும் வாய்ப்பு குறைவு. ஆனால் ஓர் இலைப்புள்ளியே ஆயிரக்கணக்கில் வித்து விடும்போது, தப்பிய ஒன்று போதும், அதே ரகம் நட்ட வயல்கள் எல்லாம் அதற்குத் திறந்த வீடு.

இங்கே சிங்கப்பூரில் நாம் இறக்குமதி அரிசியைத்தான் சாப்பிடுகிறோம். இருந்தும் டெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வகம் இந்தப் பூஞ்சையை ஆராய்கிறது. எனக்கு அதில் உண்மையிலேயே பெருமை.

சரி, மாமாவுக்கு: யூரியாவை அள்ளிப் போட வேண்டாம், தழைச்சத்து மிஞ்சினால் நோய் முற்றும். அப்புறம், ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்ப்பு மரபணு சேர்த்த ரகம் கிடைக்குமா என்று ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கச் சொல்லுங்கள்.