கோஸ்டா ரிக்காவின் மாட்டு வண்டிகளில் ஏன் இத்தனை வண்ணம்?

கேள்வி வண்ணத்தைப் பற்றியது. ஆனால் இந்த வண்டி பிறந்தது அழகுக்காக இல்லை, காப்பிக்காக. 19ஆம் நூற்றாண்டின் நடுவில், மத்தியப் பள்ளத்தாக்கில் விளைந்த காப்பிக்கொட்டையை மலை தாண்டிப் பசிபிக் கரையிலுள்ள புந்தாரேனாஸ் துறைமுகத்துக்கு இழுத்துப் போனவை எருதுகள்தான். ஒரு நடைக்கு 10 முதல் 15 நாள் ஆகும். சேற்றில் சிக்காமல் இருக்க, ஆரக்கால் இல்லாத முழுப் பலகைச் சக்கரம் போட்டார்கள்.

அந்தச் சக்கரம்தான் அப்புறம் ஓவியனுக்கு வசதியாகிப்போனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வண்ணம் தீட்டும் வழக்கம் வந்தது. முதலில் வட்டாரத்துக்கு ஒரு கோலம். சக்கரத்தைப் பார்த்தே வண்டிக்காரர் எந்த ஊர் என்று சொல்லிவிடலாம். பிறகு போட்டி வந்தது. மையத்திலிருந்து விரியும் நட்சத்திரக் கதிர்கள், பூக்கள், முகங்கள், குட்டி நிலக்காட்சிகள் என்று வளர்ந்தது. எனக்கு இதைவிடப் பிடித்தது வண்டியின் ஓசை. ஓடும்போது சக்கரக் குடத்தில் இரும்பு வளையம் மோதி ஒலிக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் தனிக் குரல்.

ரயிலும் லாரியும் வந்தபின் சுமை குறைந்தது. 1988இல் இது தேசியச் சின்னமானது. சார்ச்சி ஊரில் இன்றும் கையால் தீட்டுகிறார்கள்.