ரிப்போர்ட்டில் ஜீரோ: ஒன்றுமில்லை என்று அர்த்தமா?

கேள்வி: எனக்கு 46 வயது. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கிறேன். போன மாதம் ஒரு கேம்ப்பில் மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் ‘பைராட்ஸ் 0’ என்று இருக்கிறது. ஜீரோ என்றால் ஒன்றுமில்லை என்கிறார் கூட வேலை செய்யும் அக்கா. மேற்கொண்டு போகாதே, ஊசி குத்தினால் பரவிவிடும் என்கிறார் மாமியார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் மார்பகப் புற்றுநோய் வந்ததில்லை. அப்புறம், நாலு மாதமாக இடது மார்புக் காம்பு உள்ளே இழுத்த மாதிரி இருக்கிறது. வலி இல்லை. என்ன செய்யட்டும் டாக்டர்?

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஓபியில் தினமும் பார்ப்பதுதான். முதுகுவலி, தூக்கமின்மை எல்லாம் சொல்லி மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது “அப்புறம் டாக்டர்...” என்பார்கள். வீட்டிலிருந்து அவர்களைக் கிளப்பிக் கொண்டுவந்த விஷயம் அதுவாகத்தான் இருக்கும்.

சிலருக்குச் சிறுவயதிலிருந்தே காம்பு உள்ளடங்கி இருக்கும். அதில் பயமில்லை. நேராக இருந்தது புதிதாக, அதுவும் ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டால் காரணம் பார்த்தே ஆகவேண்டும். பால்குழாய் விரிவது, பழைய சீழ்க்கட்டியின் தழும்பு என்று சாதாரணக் காரணங்களும் உண்டு. உள்ளிருக்கும் கட்டி தையல் நூல்போலப் பிடித்து இழுப்பதும் உண்டு. எது என்று கடிதத்தைப் படித்துச் சொல்ல முடியாது. வலி இல்லை என்பதில் ஆறுதல் தேடாதீர்கள். மார்பகப் புற்றுநோய் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலித்திருந்தால் நாலு மாதம் விட்டிருப்பீர்களா? குடும்பத்தில் இல்லை என்பதும் அப்படித்தான். இந்த நோய் வருகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் முன்பு யாருக்கும் இருந்ததில்லை.

சரி, ஜீரோவுக்கு வருவோம். பைராட்ஸ் என்பது மேமோகிராமில் தெரிந்ததை எண்ணாகச் சொல்லும் முறை. 1 என்றால் இயல்பு. 2 என்றால் தீங்கில்லாத ஏதோ ஒன்று. 3 என்றால் அநேகமாகத் தீங்கில்லை, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கலாம். 4, 5 என்றால் ஊசிப் பரிசோதனை. 0 இந்த வரிசையிலேயே சேராது. ‘இந்தப் படத்தை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியவில்லை, இன்னும் பார்க்க வேண்டும்’ என்பதுதான் அதன் பொருள். முதல்முறை எடுப்பவர்களுக்கு இப்படி வருவது சகஜம். சுரப்பித் திசு அடர்த்தியாக இருந்தால் படத்தில் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படமும் இருக்காது. அதனால்தான் அடுத்து அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்கிறோம். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டு, அடுத்து எங்கே போவது என்று சொல்லாத கேம்ப்களைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்கிறேன்.

ஊசி விஷயத்தில் மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். ஊரில் யாரோ முற்றிய நிலையில் வந்திருப்பார்கள், ஊசி போட்ட கொஞ்ச நாளில் நோய் பரவியது தெரிந்திருக்கும், பழி ஊசிமேல் விழுந்திருக்கும். உண்மையில் மரத்துப்போக மருந்து போட்டு, கட்டியிலிருந்து அரிசி அளவுக்குத் திசு எடுக்கிறோம். புற்றுநோயா, என்றால் எந்த வகை, ஆபரேஷன் முதலிலா மருந்து முதலிலா என்பதெல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும். ஆரம்பத்தில் பிடித்துவிட்டால் பலருக்கு மார்பு முழுவதையும் எடுக்க வேண்டியதில்லை. கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு கொடுத்தாலே போதும். ஆயுளில் வித்தியாசம் இல்லை.

இனி நீங்கள் நிற்க வேண்டிய இடம் கேம்ப் வரிசை இல்லை. ஸ்கிரீனிங் என்பது எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு. உங்களுக்கு அறிகுறி இருக்கிறது. இந்த வாரமே ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வேலூர் பஸ் ஏறுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ சிஎம்சியோ, உங்களுக்கு எது வசதியோ அங்கே அறுவை சிகிச்சைப் பிரிவில் காட்டுங்கள். காம்பு விஷயத்தை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இரண்டு கைகளையும் தூக்கச் சொல்வார்கள், இடுப்பில் ஊன்றி அழுத்தச் சொல்வார்கள். தோல் எங்காவது குழிகிறதா, ஆரஞ்சுத் தோல்போல் தடித்திருக்கிறதா, அக்குளில் நெறி கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிறகுதான் ஸ்கேன். படம் சரியாக இருந்தாலும் கையில் கட்டி தட்டுப்பட்டால் அதை விடக்கூடாது.

கையால் பார்ப்பதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். மும்பையில் டாடா மருத்துவமனை 1998 முதல் சுமார் 1.5 லட்சம் பெண்களை வைத்து நடத்திய ஆய்வில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் சோதித்ததிலேயே 50 வயது தாண்டியவர்களிடம் இந்நோயால் ஏற்படும் இறப்பு சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதிலிருந்து 65 வயது வரை இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். மாமியாருக்கு 65 தாண்டவில்லை என்றால் அவரையும் அங்கே அழைத்துப் போங்கள்.

போகும்போது ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. மேமோகிராம் படத்தையோ சிடியையோ கேம்ப் நடத்தியவர்களிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை இரண்டும் பையில் இருக்கட்டும். அன்று காலை அக்குளில் பவுடர் போட வேண்டாம். மறுபடி மேமோகிராம் எடுக்க நேர்ந்தால், பவுடர் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரித் தெரியும்.