ஆறுமுக நாவலரைப் பழமைவாதி என்று சொல்லலாமா?

"நாவலர் ஒரு பழமைவாதி, சாதி பார்த்தவர். அவரை ஏன் இன்னும் கொண்டாடுகிறீர்கள்?" என்பது கேள்வி. யாழ்ப்பாணத்தில் நாவலர் எழுதிய சைவ வினாவிடையை மனப்பாடம் செய்து வளர்ந்த ஒருவனாகப் பதில் சொல்கிறேன்.

பழமைவாதிதான். ஆகமத்தில் சொன்னபடி கோயில் நடக்க வேண்டும், திருநீறும் தீட்சையும் நாள்வழிபாடும் விடக்கூடாது என்பதில் அவர் கடைசிவரை அசையவில்லை. ஆனால் அந்தப் பழமையைக் காப்பாற்ற அவர் கையிலெடுத்தவை எல்லாம் அன்றைக்குப் புத்தம் புதியவை. பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், பிரசங்கம், எளிய உரைநடை. எனக்கு அவர்மேல் உள்ள மரியாதை முக்கியமாக இதனால்தான்.

1822இல் நல்லூரில் பிறந்தவர். வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். பேர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழாக்கியபோது அவருக்குத் துணையாக வேலை செய்தவர் இவர்தான். இத்தனைக்கும் நடுவில் சைவராகவே வாழ்ந்தார். பாதிரிமார் எப்படிப் பாடம் நடத்துகிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள், எப்படிப் புத்தகம் போடுகிறார்கள் என்று உள்ளே இருந்தே பார்த்தார்.

அப்புறம் நடந்ததைப் பாருங்கள். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் முதல் பிரசங்கம். அதுவரை கோயிலில் புராணம் படித்துப் பயன் சொல்லும் வழக்கம் இருந்தது. ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, பேச்சுத் தமிழுக்குக் கிட்டிய நடையில் வாராவாரம் விளக்கிச் சொல்வது புதிது. 1848இல் மிஷன் வேலையை விட்டார், அதே வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். கலியாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளியை நடத்தப் பிடியரிசி சேர்க்கும் ஏற்பாடும் செய்தார். 1849இல் சென்னைக்குப் போய் அச்சு இயந்திரம் வாங்கி வந்தார். அந்தப் பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனம் 'நாவலர்' பட்டம் கொடுத்தது.

அச்சுக்கூடம் வந்தபின் அவர் செய்த வேலை மலைக்க வைக்கும். பிள்ளைகளுக்கு வகுப்பு வகுப்பாகப் பாலபாடம். பெரியபுராணத்தை 1852இல் வசனமாக்கிப் போட்டார். நன்னூலுக்குக் காண்டிகையுரை, இலக்கணச் சுருக்கம், பரிமேலழகர் உரையோடு திருக்குறள் என்று வந்துகொண்டே இருந்தன. பிழையில்லாமல் பதிப்பிப்பதில் அவர் காட்டிய கண்டிப்பைப் பார்த்தால், இன்றைய பதிப்பாளர்கள் பலருக்கு அவரிடம் பாடம் இருக்கிறது என்று தோன்றும். சைவ வினாவிடையின் கேள்வி பதில் வடிவமும் பாதிரிமாரின் ஞானோபதேச நூல்களின் அச்சில் வார்த்ததே. "உலகத்துக்குக் கருத்தா யாவர்? சிவபெருமான்." இதை ஐந்து வயதுப் பிள்ளையும் சொல்லும்.

பாதிரிமாருக்கு மறுப்பாக எழுதிய 'சைவதூஷண பரிகாரம்' என்ற நூலில் அவர் வாதாடும் விதம் இன்னும் கூர்மை. கோயில், தூபம், தீபம், அபிஷேகம் எல்லாம் மூடத்தனம் என்றார்கள் பாதிரிமார். இவர் அவர்களுடைய பைபிளையே திறந்து, பழைய ஏற்பாட்டு ஆலய வழிபாட்டில் இதற்கெல்லாம் இணை காட்டினார். மொழிபெயர்ப்பில் கூடவே உட்கார்ந்தவர், அவருக்குத் தெரியாததா!

தன் பக்கத்தையும் அவர் விடவில்லை. கோயில்களில் உயிர்ப்பலி, தேவதாசிகளின் ஆட்டம் இரண்டையும் கண்டித்தார். நல்லூர்க் கந்தசுவாமி கோயில் ஆகமப்படி இல்லை என்று அதன் நிர்வாகத்தோடேயே மோதினார். 1876-77 பஞ்சத்தில் கஞ்சித் தொட்டி தர்மம் நடத்திப் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றினார். 1879இல் சட்டசபைப் பிரதிநிதியாகப் பொன்னம்பலம் இராமநாதன் வரவேண்டும் என்று முன்னின்று உழைத்தார். அந்த டிசம்பரிலேயே காலமானார், ஐம்பத்தேழு வயது நிரம்பவில்லை.

சரி, சாதி. இங்கே பூசி மெழுக எனக்கு மனமில்லை. சாதி ஆசாரத்தைச் சைவ ஒழுக்கத்தின் ஒரு பகுதியாகவே அவர் ஏற்றார், எழுதினார், கற்பித்தார். 'அந்தக் காலம் அப்படி' என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதே காலத்தில்தான் வடலூரில் வள்ளலார் சாதி சமய வேறுபாடு வேண்டாம் என்றார். வள்ளலாரின் பாடல்களை 'அருட்பா' என்று சொல்லலாமா கூடாதா என்று அவரோடு நாவலர் நடத்திய அருட்பா மருட்பாச் சண்டை 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. அந்த இடத்தில் என் மனம் வள்ளலார் பக்கம்தான். நாவலர் மறைந்து ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கழித்தும், 1968இல், யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் உள்ளே போகப் போராட வேண்டியிருந்தது. அந்தச் சுவரை அவர் தனியாகக் கட்டவில்லை. ஆனால் இடிக்கக்கூடிய செல்வாக்கு இருந்தும் இடிக்காமல், அதற்குச் சாஸ்திர நியாயமும் கொடுத்தார்.

அவரைக் கொண்டாட வேண்டுமா வேண்டாமா என்பதை நீங்கள் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். பெரியபுராண வசனத்தில் கண்ணப்ப நாயனார் பகுதியிலிருந்து தொடங்கலாம். கூடவே நான்காம் பாலபாடத்தையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஆசிரியக் குரலும் கண்டிப்பும் அதில் அப்படியே இருக்கும்.